நாற்பது என்று அச்சிட்ட தாள்

அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது என்று சொல்வது மரியாதைக்காக. உண்மையில் வெறுத்தேன். எங்கள் மாதா கோவில் பாடகர் குழுவுக்கு அவர் மாஸ்டராக வந்து நான்கு வருடம் ஆகிறது. முதல் இரண்டு மாதத்தை விட்டுவிட்டால், மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் கண் விழிக்கும்போதே அவர் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். அதோடு அன்றைக்கு நிம்மதி போய்விடும்.

பாரிசுக்குப் பக்கத்தில் முப்பது வருடம் இருந்துவிட்டு, காரைக்காலில் பூட்டிக் கிடந்த குடும்ப வீட்டுக்குத் திரும்பி வந்தவர். அங்கே ஒரு கோவிலில் பாடகர் குழு நடத்தியவராம். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. ஆனால் இவர் நாற்பது வயது தாண்டிய பெண்களை ‘மதாம்’ என்று கூப்பிடுவார். அதில் ஒரு துளி மரியாதை இருக்காது. திட்டும்போதும் ‘நீங்க’தான். குரல் உயராது. யாராவது தப்பாகப் பாடினால் கையை அப்படியே காற்றில் நிறுத்திவிட்டு, பாடியவர் தலை குனிகிறவரை காத்திருப்பார்.

அவர் வரும்வரை குழுவில் என் சொல்தான் எடுபட்டது. தருமபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கிறேன். பாட்டை மேற்கத்திய முறையில் ஐந்து கோட்டில் எழுதித் தரும் மென்பொருள் ஒன்றை இணையத்தில் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். எல்லாரும் காதால் கேட்டுப் பாடிக்கொண்டிருந்த குழுவுக்கு முதன்முதலில் அச்சிட்ட தாள் கொடுத்தது நான். பெண்களில் உயர்ந்த குரலில் பாடுகிறவர்களை சோப்ரானோ என்போம், தாழ்ந்த குரலில் பாடுகிறவர்களை ஆல்டோ என்போம். ஆல்டோ ஆறு பேரில் நானும் ஒருத்தி. அவர் வந்த பிறகு என் வேலை ‘தாள் அடிப்பது’ என்று ஆகிவிட்டது. அவர் பென்சிலில் எழுதித் தருவார், நான் அடிப்பேன், சிவப்பு மையால் கோடு போட்டுத் திருப்பித் தருவார்.

இசை தெரிந்தவர், அதில் சந்தேகமே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

போன வருடம் கோவில் திருவிழாவுக்கு அவரே, அப்பம் வழங்கும்போது பாடுகிற நற்கருணைப் பாட்டு ஒன்றை அமைத்தார். நான்கு குரல், கீபோர்டு, இரண்டு வயலின், ஒரு ட்ரம்பெட். ட்ரம்பெட் வாசிக்கக் கோட்டுச்சேரியிலிருந்து ஒருவர் வந்தார். போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மன் கோவில் திருவிழாவோ கல்யாணமோ, கூப்பிட்ட இடத்துக்குப் போய் வாசிப்பார். எங்கள் மதம் இல்லை. பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவார். யாரோடும் அதிகம் பேசமாட்டார். தாளைப் பார்த்து ஒரு தடவை வாசித்தால் போதும், இரண்டாம் தடவை பிழை இருக்காது. நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார்.

பாட்டின் நடுப்பகுதியில் ஆல்டோவுக்கு மட்டும் ஒரு நல்ல வரி இருந்தது. மற்ற மூன்று குரலும் ஓய்ந்திருக்க நாங்கள் தனியாகப் பாடவேண்டும். மூன்று வாரம் அதற்காக உயிரை விட்டோம். எங்களில் ஒருத்தி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். ட்யூட்டி மாற்றிக்கொண்டு ஓடி வருவாள். நான்காவது வாரம், பாடி முடித்ததும், அவர் கையைக் காற்றில் நிறுத்தினார்.

“மன்னிக்கணும் மதாம். நீங்க ஆறு பேரும் பாட ஆரம்பிச்சா எனக்கு பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மாதிரி இருக்கு.”

ஆண்கள் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

நர்ஸ்தான் முதலில் வாயைத் திறந்தாள். “எங்க சரியில்லன்னு சொல்லுங்க மாஸ்டர், திருத்திக்கிறோம்.”

“திருத்துறதுக்கு நேரமில்ல.” அப்புறம் என் பக்கம் திரும்பினார். “மதாம், அந்தப் பகுதி பூராவும் ஆல்டோவுக்கு ரெஸ்ட் போட்டுருங்க. நாப்பது பார். அந்த வரிய சோப்ரானோவுக்குக் குடுத்துருங்க.”

தாளில் நிற்கும் கோடுகளால் பிரித்த ஒவ்வொரு கட்டத்தையும் பார் என்போம். ரெஸ்ட் என்றால் அந்தக் கட்டத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் என்பதற்கான குறி. அங்கேயே, எல்லார் முன்னாலும், மடிக்கணினியைத் திறந்து அந்த நாற்பது பாரையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். அழித்தால் மென்பொருள் தானாகவே ஒவ்வொரு பாரிலும் ஒரு ரெஸ்ட்டை வைத்துவிடும். நான்காம் கோட்டிலிருந்து தொங்கும் சின்னக் கறுப்புக் கட்டை. நாற்பது கட்டைகள் வரிசையாகத் தொங்கின. மூன்று வாரம் பாடியது அழிய இரண்டு நொடி ஆகவில்லை.

அப்படியே அச்சிட்டு அடுத்த ஒத்திகைக்குக் கொண்டுபோனேன். அவர் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“இது என்ன?”

“ரெஸ்ட் மாஸ்டர். நீங்க சொன்ன நாப்பதும்.”

“இப்படியா வப்பாங்க? ஒரே தடிக்கோடு. மேல நாப்பதுன்னு நம்பர். ட்ரம்பெட்டுக்கும் அங்க நாப்பதுதான், அதையும் சேர்த்துருங்க. எந்த ஊர்லயும் காலி பாரை ஒண்ணொண்ணா அச்சடிச்சுக் குடுக்க மாட்டாங்க.”

அவர் சொன்னது முறைதான். எனக்கும் தெரியும். மென்பொருளில் ஒரு எழுத்தைத் தட்டினால் காலி பார்கள் எல்லாம் ஒன்றாகச் சுருங்கி, ஒரு தடித்த கோடும் அதன் தலையில் ஓர் எண்ணும் ஆகிவிடும். ஆனால் நான் வேண்டுமென்றேதான் அப்படி அச்சிட்டிருந்தேன்.

“எத்தன பார் சும்மா நிக்கிறோம்னு நாங்க கண்ணால பாத்துக்கிட்டே நிக்கிறோம் மாஸ்டர்,” என்றேன்.

“பேப்பருக்கு வந்த கேடு.”

“பேப்பர் நான் வாங்குனது.”

அவர் தாளை நாலாக மடித்து என் மடிக்கணினியின் மேல் வைத்தார். “மதாம், நீங்க சண்டை போடணும்னா போடுங்க. ஆனா தாளு ஒழுங்கா வரணும்.”

சேர்த்தேன். ஒரு பக்கம் முழுக்க இருந்த எங்கள் பாட்டு ஒரு விரல் நீளத்துக்குச் சுருங்கியது.

ட்ரம்பெட் தாளில் மட்டும் ஒரு காரியம் செய்திருந்தேன். அந்த அண்ணன் நாற்பது பார் சும்மா எண்ணிக்கொண்டு நின்று சரியான இடத்தில் ஊதவேண்டும். அதனால் கடைசி நான்கு பாரை மட்டும் சேர்க்காமல் விட்டு, அங்கே சோப்ரானோ பாடும் வார்த்தைகளைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தேன். அந்த வார்த்தைகள் காதில் விழுந்தால், எண்ணிக்கை தவறினாலும் இடம் தெரிந்துவிடும். அதையும் மாஸ்டர் சிவப்பு மையால் அடித்தார்.

“அவருக்கு எண்ணத் தெரியும். குழந்தையா?”

அந்த அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். “இருந்தா நல்லதுதான் சார்,” என்று மெல்லச் சொன்னார். மாஸ்டர் காதில் அது விழவில்லை, அல்லது விழாதமாதிரி இருந்தார். வார்த்தைகளை எடுத்துவிட்டு, நாற்பது என்று ஒரே எண் போட்டு அச்சிட்டுக் கொடுத்தேன். அண்ணன் அதை அட்டைக்குள் செருகிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

திருவிழாவுக்கு முந்தின வியாழக்கிழமை கடைசி ஒத்திகை. அன்றைக்கு அண்ணன் வரவில்லை. அம்பகரத்தூரில் அவர் சொந்தத்தில் ஒரு சாவு. அன்றைக்குத்தான் மாஸ்டருக்கு ஒரு யோசனை வந்தது. ட்ரம்பெட் நுழைவதற்கு முந்தின நான்கு பாருக்கு முன்னால் வரும் வரியை சோப்ரானோ இன்னொரு முறை பாடி, அங்கிருந்து மிக மெல்லிய குரலிலேயே போகவேண்டும் என்றார். இரண்டு பார் கூடுதல். பாடிப் பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது.

“ட்ரம்பெட் தாளையும் மாத்தி அவருக்கு அனுப்பிருங்க மதாம்.”

“சரி மாஸ்டர்.”

முழுப் பாட்டில் இரண்டு பார் சேர்த்ததும் எல்லாத் தாளிலும் நாற்பது தானாகவே நாற்பத்திரண்டு ஆனது. மற்றவர்களுக்கு அச்சிட்டேன். ட்ரம்பெட் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, அவர் பெயரை எடுத்து, தாளையும் இணைத்தேன். அனுப்பவேண்டியதுதான் பாக்கி.

அனுப்பவில்லை.

மறந்தேன் என்று சொல்லலாம். பிறகு அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன், எனக்கு நானே. மறக்கவில்லை. கட்டைவிரல் திரையின் மேல் இருந்தது. அப்போது என் மனதில் ஓடியது இதுதான்: நாளைக்கு வெளியூர்ப் பங்குச் சாமியார்கள் எல்லாம் உட்கார்ந்திருக்க, அவருடைய பாட்டு அவர் முன்னாலேயே உடையட்டும். உடைந்த பிறகு என்னிடம் வருவார். ‘நான் போட்டிருந்த வார்த்தைகளை நீங்கதான மாஸ்டர் அடிச்சீங்க? அது இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா?’ என்று கேட்பேன். அந்தக் கேள்வியை எந்தக் குரலில் கேட்பது என்றுகூட யோசித்தேன். யோசித்துப் பார்த்த அந்தக் காட்சியில் நானும் மாஸ்டரும் மட்டும்தான் இருந்தோம். ட்ரம்பெட் அண்ணன் அதில் எங்கேயும் நிற்கவில்லை. போனை மூடிவிட்டு அலமாரியில் துணி மடித்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குத் திருப்பலி. கோவில் நிறைந்து, வெளியே பந்தலிலும் கூட்டம். அண்ணன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தன் மருமகளையும் கூட்டி வந்திருந்தார். அந்தப் பெண் தூண் பக்கத்தில் நின்று, மாமனார் வாசிப்பதைப் போனில் படம் பிடிக்கக் காத்திருந்தாள்.

நற்கருணைப் பாட்டு தொடங்கியது. நாங்கள் ஆறு பேரும் பாடவேண்டியதைப் பாடிவிட்டு வாயை மூடினோம். நான் எண்ண ஆரம்பித்தேன். எங்கள் தாளில் நாற்பத்திரண்டு. எதிரே அண்ணன் இடது கை விரல்களைத் தொடையில் ஒவ்வொன்றாக மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை முப்பதைத் தாண்டியது. கையைக் காட்டலாம், தலையை ஆட்டலாம். அவர் என்னைப் பார்க்கும் தூரத்தில்தான் இருந்தார். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தொன்பது. நாற்பது. அவர் ட்ரம்பெட்டை உதட்டில் வைத்தார்.

சோப்ரானோ குரல் நூலாக இழைந்துகொண்டிருந்த இடத்தில், முழு மூச்சோடு ட்ரம்பெட் வெடித்தது. முன் வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. சாமியார்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் இரண்டு சுரத்தில் நிறுத்திவிட்டார். மாஸ்டரின் கை ஒரு கணம் நின்று மறுபடி அசைந்தது. நிஜமாகவே ஊதவேண்டிய இடம் வந்தபோது அண்ணன் ஊதவில்லை. எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. கீபோர்டு மட்டும் தனியாக முடித்தது.

திருப்பலி முடிந்து பக்கத்து அறையில் எல்லாரும் கூடினோம். மாஸ்டருக்குக் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“எண்ணத் தெரியாதா உங்களுக்கு? போலீஸ் பேண்டுல என்ன செஞ்சீங்க, கொடி புடிச்சீங்களா?”

“நாப்பது எண்ணுனேன் சார். தாளுல நாப்பதுன்னுதான் இருக்கு.”

மாஸ்டர் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் காத்திருந்த கணம் அதுதான். ஒத்திகை பார்த்து வைத்திருந்த கேள்வி நாக்கில் வரவில்லை.

“புதுத் தாளு அனுப்புனேனே மாஸ்டர்,” என்றேன். “வாட்ஸ்அப்புல.”

அண்ணன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ட்ரம்பெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, வாசலில் நின்ற மருமகளை, “வாம்மா” என்று கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்.

“பாத்தீங்களா, வந்த தாளைக்கூடப் பாக்கறதில்ல,” என்றார் மாஸ்டர் எல்லாரையும் பார்த்து.

மூன்று நாள் பள்ளியில் என்ன பாடம் நடத்தினேன் என்று தெரியாது. புதன்கிழமை பள்ளி விட்டதும் கோட்டுச்சேரி பஸ் ஏறினேன். விசாரித்துக்கொண்டு போனேன். அண்ணன் பின்கட்டில் பம்ப்செட் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கிரீஸ். அவர் மனைவி எனக்கு நாற்காலி போட்டார். அண்ணன் எழுந்திருக்கவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை.

“அண்ணே, நான் அனுப்பலண்ணே,” என்றேன். “வேணும்னேதான் அனுப்பல.”

“தெரியும்.”

“எப்படி?”

“போனு என் கையிலதான இருந்துச்சு டீச்சர்? அங்கயே பாத்தேன். ஒண்ணும் வரல.”

“அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே.”

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். “யார்ட்ட சொல்றது? நீங்கல்லாம் கோவில் ஆளுங்க. நான் வாசிக்க வந்தவன். டீச்சர் பொய் சொல்றாங்கன்னு நான் சொன்னா அங்க யாரு நம்புவா?”

நான் அழுதேன். அதைப் பார்த்து அவருக்கு இன்னும் கோபம் வந்ததே தவிர இரக்கம் வரவில்லை.

“உங்களுக்கும் அவருக்கும் சண்டை. அது எனக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். அந்தச் சண்டைக்கு என் வாய்தான் கெடச்சுதா உங்களுக்கு?”

மருமகளைக் கூப்பிட்டார். “அந்த வீடியோவப் போட்டுக் காட்டு.”

“வேணாம் மாமா.”

“காட்டுங்கிறேன்.”

அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் போனை நீட்டினாள். சின்னத் திரையில் வெள்ளைச் சட்டை. தொடையில் மடங்கும் விரல்கள். பிறகு அந்தச் சத்தம். அதற்குப் பிறகு அவர் முகம். கோவிலில் நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயிலிருந்து ட்ரம்பெட்டை எடுத்துவிட்டு, யாராவது ஏதாவது சொல்வார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறார். ஓரத்தில், தலை குனிந்தபடி, நான்.

“துபாய்ல இருக்கிற என் மவனுக்கு இவ எடுத்த கையோட இத அனுப்பிட்டா, தப்புன்னு தெரியாமலே,” என்றார். “அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையான்னு கேட்டான்.”

மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. “எங்கிட்ட இங்க வந்து சொல்றதுல என்ன இருக்கு? என்னை எங்க வச்சுக் கேட்டாங்களோ அங்க சொல்லுங்க.” அதோடு மோட்டார் பக்கம் திரும்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில், பாட ஆரம்பிப்பதற்கு முன் எழுந்து நின்று சொன்னேன். தாளை அனுப்பவில்லை என்பதையும், அனுப்பினதாகச் சொன்னது பொய் என்பதையும், எதற்காகச் செய்தேன் என்பதையும். சொல்லி முடித்ததும் மாஸ்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேசுவதற்குள் நர்ஸ் முந்திக்கொண்டாள்.

“எங்களுக்காகவா செஞ்சேன்னு சொல்ல வர்றே?”

“நம்ம ஆறு பேரையும் அவமானப்படுத்துனாரே...”

“என்னையும்தான் சொன்னாரு. நான் அங்கயே கேட்டேன். நீ என்ன செஞ்சே? எங்க பேரைச் சொல்லிக்கிட்டு உன் ஆத்திரத்தைத் தீத்துக்கிட்டே. அதுவும் யாரு மேல? அந்த ஆளு உனக்கு என்ன கெடுதல் பண்ணுனாரு?”

நாற்பது வருடப் பழக்கத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. இன்றைக்கும் எங்களுக்குள் பழைய பேச்சு இல்லை. கேட்டால் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான்.

மாஸ்டர் கீபோர்டின் மூடியைச் சாத்தினார். “என் மேல கோவம்னா என் மேல காட்டியிருக்கணும் மதாம்,” என்றார். அப்புறம், “அவரு வீடு கோட்டுச்சேரியில எங்க?” என்று கேட்டார். வழி சொன்னேன். எழுதிக்கொண்டார்.

மறுநாளே ஆட்டோ வைத்துக்கொண்டு போயிருக்கிறார். நான் பிறகு கேள்விப்பட்டதுதான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம். நின்றுகொண்டே, “கொடி புடிச்சீங்களான்னு கேட்டது தப்பு. நீங்க எண்ணுனது சரி. வார்த்தை போட்ட தாளு இருந்தா நல்லதுன்னு நீங்க சொன்னது என் காதுல விழுந்துச்சு, நான்தான் கேக்கல,” என்றாராம். அண்ணனின் மனைவி காபி கொடுக்க, அதைக் குடித்துவிட்டு வந்தாராம். எனக்குக் கிடைக்காத காபி.

இதைக் கேட்டு நான் மனம் மாறினேன் என்று எழுத ஆசைதான். எரிச்சல்தான் வந்தது. நான் அழுது கெஞ்சியும் கிடைக்காதது, அந்த ஆளுக்கு ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. அவர் செய்தது சரி என்று எனக்குத் தெரிந்தது. அது தெரிந்ததால் வெறுப்பு குறையவில்லை.

ஆல்டோவின் வரி என்ன ஆனது என்று ஒருமுறை கேட்டேன். “நான் அன்னைக்குச் சொன்னதுதான் இப்பவும்,” என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச்சில்லை. மென்பொருள் தெரிந்தவர் குழுவில் வேறு யாருமில்லை என்பதால் தாள் அடிப்பது இன்னும் நான்தான். நானும் மாஸ்டரும் மின்னஞ்சலில் மட்டும் பேசிக்கொள்கிறோம்.

ட்ரம்பெட் அண்ணன் கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்குத் திரும்பி வந்தார். மாஸ்டர்தான் கூப்பிட்டிருந்தார். அவர் தாளில், ஓய்வு முடியும் கடைசி நான்கு பாரைச் சேர்க்காமல் விட்டு, பாடுகிறவர்களின் வார்த்தைகளைப் போடும்படி மாஸ்டரே எழுதி அனுப்பியிருந்தார். போட்டேன். ஒத்திகைக்கு முன்னால் தாளை நீட்டினேன்.

“வணக்கம் டீச்சர்,” என்றார். வாங்கிக்கொண்டு நேரே மாஸ்டரிடம் போய் முழுப் பாட்டுத் தாளைக் கேட்டு வாங்கினார். பெஞ்சில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு பாராகத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். எண்ணிச் சரியாக இருந்த இடத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்தார். இருபது பேர் பாடாமல் காத்திருந்தார்கள். மாஸ்டரும் காத்திருந்தார். எனக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை, ஆனாலும் போய் உட்காரத் தோன்றவில்லை. நின்றேன். மூன்று பாட்டுக்கும் எண்ணி முடித்துவிட்டு, “சரியா இருக்கு சார்,” என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.